நாணல்மடத்தின் "நாம்"

நாணல்மடம் ஒரு நாடு. சிரிக்காதீர்கள். ஒரு முயல் காலை மணிக்குக் கிளம்பி அதன் எல்லையைச் சுற்றி நடந்தால், உச்சி மணி அடிப்பதற்குள் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். ஒரு குளம், குளத்தின் நடுவே ஒரு தீவு, தீவில் ஒரு கல் கோயில், கரை முழுக்க நாணல். இவ்வளவுதான். ஆனாலும் நாடு நாடுதான்.

பழைய ஜெர்மானியக் காடுகளில் அப்போது இப்படிக் குட்டி நாடுகள் நிறைய இருந்தன. அவற்றை ஆண்டவர்கள் அரசர்கள் இல்லை, மடாதிபதிகள். காலையில் பூசை வைப்பார்கள், மதியம் வழக்குக் கேட்பார்கள். மடாதிபதிக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அதனால் அப்பன் நாற்காலியில் மகன் ஏறுகிற பேச்சே இல்லை. ஒருவர் கண்மூடினால் மடத்துச் சபையார் ஏழு பேர் கூடுவார்கள். ஏழில் நாலு பேர் கை காட்டுகிறவர் அடுத்த மடாதிபதி.

அந்தச் சபையின் தலைவி ஒரு முள்ளெலி. பெயர் குனிகுண்டா. நாணல்மடத்தில் எழுதவேண்டியது எதுவானாலும் அவள்தான் எழுதுவாள். பேனாவுக்கு எங்கேயும் போகமாட்டாள். தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, மையில் தோய்த்து, குனிந்த தலை நிமிராமல் எழுதி முடிப்பாள். பேரரசர் கழுகின் பெரிய சபையில் நாணல்மடத்துக்கு ஒரு முக்காலி உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அதில் போய் அவள் உட்காருவாள். இந்தப் பக்கம் ஓநாய் அரசர், அந்தப் பக்கம் கரடிக் கோமகன், நடுவில் கையகல முள்ளெலி. பேரரசர் பெயர் சொல்லி அழைக்கும்போது மூவருக்கும் ஒரே குரல், ஒரே மரியாதை. அதை நினைத்தாலே குனிகுண்டாவுக்கு உடம்பெல்லாம் முள் சிலிர்க்கும்.

பனி உருகும் நாளில் மடாதிபதி நாரை எங்கல்பெர்ட் கண்மூடினார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே கிழக்குக் காட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது.

வந்தது கரடிக் கோமகன் பால்ட்வினுடைய அமைச்சர். டியெட்மர் என்று பெயர், மரநாய் இனம். வழுவழுப்பான மேனி, அதைவிட வழுவழுப்பான பேச்சு. கூடவே ஏழு தேன்பானை.

"துக்கம் விசாரிக்க வந்தேன் அம்மையாரே. சபையார் ஆளுக்கொரு பானை எடுத்துக்கொள்ளட்டும்."

"எனக்குத் தேன் ஒத்துக்கொள்ளாது," என்றாள் குனிகுண்டா.

"எனக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும்," என்றது காட்டுப்பன்றி லாம்பெர்ட். மடைப்பள்ளியைப் பார்த்துக்கொள்கிற சபையார் அது. நாட்டிலேயே பெரிய உடம்பு, நாட்டிலேயே பெரிய வயிறு. அது ஒரு பானையை இழுத்துக்கொண்டதும் இன்னும் மூன்று பேர் மெல்ல நகர்ந்து வந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். குனிகுண்டா மனசுக்குள் எண்ணினாள். நாலு.

மரநாய் விஷயத்துக்கு வந்தது. "எங்கள் கோமகனாருக்கு இரண்டு மகன்கள். காடு மூத்தவருக்கு. இளையவர் ரூடிகருக்கு ஒரு நாற்காலி வேண்டும். உங்களிடம் ஒன்று காலியாக இருக்கிறது."

"நாற்காலிதான் காலி. நாடு காலி இல்லை."

"கோபப்படாதீர்கள். மேற்கே ஓநாய்கள் பல்லைத் தீட்டிக்கொண்டிருக்கின்றன. உங்கள் படையில் எத்தனை பேர்?"

"இரண்டு வாத்துகள்."

"அதில் ஒன்றுக்கு மூட்டுவலி என்று கேள்வி."

"மூட்டுவலிதான். இருபது வருடத்தில் ஒருநாள்கூடக் காவல் தவறியதில்லை."

"அது சரி. ஆனாலும், கரடி ஒருவர் மடாதிபதியாக இருந்தால் ஓநாய் எட்டிப் பார்க்குமா? யோசியுங்கள்."

குனிகுண்டா யோசித்தாள். ஓநாய்ப் பயம் பொய்யில்லை. ஆனால் கரடிகளுக்கு வேண்டியது என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். குளத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு மதகு உண்டு. அதைத் திறந்துவிட்டால் தண்ணீர் முழுவதும் பள்ளத்தில் இருக்கிற கரடிகளின் மீன் தொட்டிகளுக்கு ஓடிவிடும். ஒரே வாரத்தில் நாணல்மடம் சேற்றுக்குழி ஆகிவிடும். தவளைகள் எங்கே போகும்? வாத்துகள் எங்கே போகும்? தண்ணீர் இல்லாத குளத்துக்குப் பேரரசர் சபையில் முக்காலி எதற்கு?

சபையில் நாலு பேரைத் தேன் வாங்கிவிட்டது. ஆகவே இளைய கரடி வரத்தான் போகிறது. தடுக்க முடியாததைக் கட்டியாவது வைக்கவேண்டும். கரடியைச் சங்கிலியால் கட்ட முடியாது, எழுத்தால் கட்டுகிறேன் என்று குனிகுண்டா முடிவு செய்தாள்.

"சபை கூடுவதற்கு முன்னால் உறுதிப் பத்திரம் எழுதவேண்டும். அது எங்கள் வழக்கம். மடாதிபதி ஆகிறவர் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார் என்று அதில் இருக்கும். யார் ஆவார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் பெயர் எழுதமாட்டோம். கோமகனும் அதற்குக் கட்டுப்பட்டு முத்திரை வைக்கவேண்டும்."

"எழுதுங்கள்," என்றது மரநாய்.

மூன்று நாள் எழுதினாள். மூன்று முள் தேய்ந்தது. நாணல்மடத்தில் எல்லாப் பத்திரமும் எழுதப்படுகிற அதே பழைய நடையில்தான் இதையும் எழுதினாள்:

"நாணல்மடத்து மடாதிபதியாகிய நாம் உறுதி கூறுவது. நம் இசைவின்றி மதகு திறக்கப்படாது. நம் இசைவின்றி நாணல் வெட்டப்படாது. நம் இசைவின்றி எந்தப் படையும் கரையில் கால் வைக்காது. ஓநாய் வந்தால் கரடிக் கோமகன் நம் துணைக்கு வருவார்."

மரநாய் வாங்கிப் படித்தது. மீசை ஒருமுறை துடித்தது. இன்னொரு தடவை நிதானமாகப் படித்தது. குனிகுண்டா சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் இழுபறி நடக்கும் என்று எதிர்பார்த்து, பதில்களைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஆனால் மரநாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"எழுதினது எழுதினபடியே இருக்குமா? பிறகு ஏதாவது மாற்றமாட்டீர்களே?"

குனிகுண்டாவுக்குச் சுருக்கென்றது. "குனிகுண்டா எழுதியதை இதுவரை யாரும் மாற்றியதில்லை. குனிகுண்டாவும் மாற்றியதில்லை."

"மகிழ்ச்சி," என்றது மரநாய். அன்றைக்கே இரண்டு பிரதிகளிலும் கோமகனின் முத்திரையை வாங்கிவந்துவிட்டது. ஒன்றை மடத்தில் கொடுத்தது. இன்னொன்றை ஒரு வல்லூறின் காலில் கட்டி, பேரரசர் கழுகின் அரண்மனைக்கே பறக்கவிட்டது. "பேரரசர் கையில் ஒன்று இருந்தால் யாரும் ஒரு புள்ளியைக்கூட அசைக்க முடியாது பாருங்கள்," என்று பல்லைக் காட்டியது.

எல்லாம் இவ்வளவு லேசாக முடிந்ததில் குனிகுண்டாவுக்கு என்னவோ போலிருந்தது. இருந்தாலும் தன் எழுத்தைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்து, அதில் ஓட்டை எதுவும் காணாமல், மனசைத் தேற்றிக்கொண்டாள்.

தேர்தல் நாள் வந்தது. கோமகன் பால்ட்வின் இருநூறு கரடிகளோடு வந்து குளக்கரையை அடைத்துக்கொண்டு நின்றான். நாணல் எல்லாம் மிதிபட்டது. ஆனால் தீவுக்கு ரூடிகர் மட்டும் தனியாகத்தான் போகவேண்டும், அது விதி. அவன் நீந்திப் போய், கோயில் வாசலில் உடம்பை உதறிக்கொண்டு, வாசற்படியில் தலை இடித்து உள்ளே நுழைந்தான்.

சபையார் வெள்ளைக் கூழாங்கல்லும் கறுப்புக் கூழாங்கல்லும் போட்டார்கள். ரூடிகருக்கு வெள்ளை நாலு, கறுப்பு மூன்று. லாம்பெர்ட் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ரூடிகர் உறுதிப் பத்திரத்தைக் கையில் வாங்கி, கோயில் அதிர வாசித்தான். நாம், நம், நாம், நம். கேட்க நன்றாகவே இருந்தது. குனிகுண்டா மடாதிபதியின் தொப்பியைத் தட்டில் வைத்து எடுத்து வந்தாள். இன்னும் ஒரே ஒரு சடங்கு பாக்கி.

அது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. எங்கேயும் எழுதிவைக்கவும் இல்லை. மடாதிபதி ஆகப்போகிறவரிடம் நாட்டிலேயே சின்ன உருவம் எதுவோ அது பீடத்தின் படியில் நின்று ஒரு கேள்வி கேட்கும். அவர் 'உண்டு' என்பார். தொப்பி தலைக்குப் போகும். நாரை எங்கல்பெர்ட் அந்த 'உண்டு'வைத் தும்மிக்கொண்டே சொன்னார், அதுவும் செல்லுபடியானது.

இந்தத் தடவை கேட்க வந்தது பச்சை மரத்தவளை ஊட்டா. கோயிலில் பாடுகிறவள். உடம்பு ஒரு இலந்தைப்பழ அளவு, குரல் மட்டும் கோபுரத்து மணி அளவு. அவளுடைய அக்காள் பிள்ளைகள் நானூறு பேர் அப்போது இன்னும் கால்கூட முளைக்காமல் மதகோரத் தண்ணீரில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஊட்டாவுக்குப் பயத்தில் தொண்டைப்பை படபடவென்று அடித்தது. ஆனாலும் கேட்டாள்.

"நாம் என்று சொன்னீர்களே, அதில் நானும் உண்டா?"

ரூடிகர் குனிந்து தேடினான். "யார் பேசுவது?"

"நான்தான். இங்கே படியில்."

"நீயா? என்ன கேட்டாய்?"

"நாம் என்றீர்களே, அதில் நானும் உண்டா?"

ரூடிகர் சிரித்துவிட்டான். கெட்டவன் இல்லை அவன். வளர்ந்த வீடு அப்படி. "நீ எப்படி அதில் வருவாய்? நாம் என்றால் நான். கோமகன் வீட்டில் பிறந்தவர்கள் தங்களை நாம் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். நாம் உண்டோம் என்றால் நான் சாப்பிட்டேன் என்று பொருள். இதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

குனிகுண்டா தட்டோடு நின்றபடியே தான் எழுதின வரியை மனசுக்குள் படித்தாள்.

நம் இசைவின்றி மதகு திறக்கப்படாது. நாணல்மடத்தில் நாம் என்றால் குளத்தில் இருக்கிற எல்லோரும். பிறந்த நாள்முதல் அவள் காதில் விழுந்த நாம் அதுதான். பேரரசர் சபையில் அரசர்கள் நாம் என்றபோதும் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்; வேறு ஒரு நாம் உலகத்தில் இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. இந்தக் கரடியின் வாயில் அதே வரி, தான் நினைத்தால் திறப்பேன் என்று ஆகிவிட்டது. மரநாயின் மீசை ஏன் துடித்தது என்று இப்போது புரிந்தது. கட்டுவதற்காக மூன்று நாள் திரித்த கயிற்றை அவளே கொண்டுபோய்க் கரடியின் கையில் கொடுத்திருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு தொப்பியை வைத்துவிட்டால் அவளுடைய தப்பு யாருக்கும் தெரியப்போவதில்லை. வெளியே இருநூறு கரடி. உள்ளே நாலு வெள்ளைக் கல். குனிகுண்டாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முக்காலியில் உட்கார்ந்து எழுந்த பெருமை எல்லாம் காலடியில் கிடந்தது.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"சபையாரே, நான் தப்பாக எழுதிவிட்டேன்," என்றாள். அந்தக் கோயிலில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "லாம்பெர்ட், இந்தப் பத்திரத்தை வாங்கிப் படி. நாம் என்று வருகிற இடத்தில் எல்லாம் நான் என்று போட்டுப் படி."

லாம்பெர்ட் வாங்கியது. "மடாதிபதியாகிய நான் உறுதி கூறுவது. என் இசைவின்றி மதகு திறக்கப்படாது..." அது அங்கேயே நிறுத்திவிட்டது. "அப்படியென்றால் இவர் ஒருத்தர் சரி என்றால் போதுமா? தண்ணீர் போய்விடுமா?"

"போய்விடும்."

"என் மடைப்பள்ளித் தொட்டியும்?"

"எல்லாமே."

லாம்பெர்ட் ஊட்டாவைப் பார்த்தது. பிறகு தன் முன்னங்காலைப் பார்த்தது. அதில் இன்னும் கொஞ்சம் தேன் ஒட்டியிருந்தது. அது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே சொன்னது, "கேள்விக்கு உண்டு என்று பதில் வரவில்லை. பதில் வராமல் தேர்தல் முடியாது. என் கல்லை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்."

மற்ற மூவரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தங்கள் கற்களை எடுத்துக்கொண்டார்கள். ரூடிகருக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு ஒரு நாற்காலி போய்விட்டது என்று முணுமுணுத்தபடி, மறுபடியும் தலையை இடித்துக்கொண்டு வெளியே போனான்.

கரையில் கோமகன் பால்ட்வின் உறுமிய உறுமலில் குளத்துத் தண்ணீர் நடுங்கியது. குனிகுண்டா ஒரு வாத்தின் முதுகில் ஏறிக் கரைக்கு வந்தாள். மூட்டுவலிக்கார வாத்துதான். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தது.

மரநாய் முன்னால் பாய்ந்தது. "அம்மையாரே, பத்திரத்தில் முத்திரை விழுந்தாயிற்று. ஒரு பிரதி பேரரசரிடம் இருக்கிறது. இனி ஒரு எழுத்தையும் உங்களால் மாற்ற முடியாது."

"மாற்றவே வேண்டாம்," என்றாள் குனிகுண்டா. "முதல் வரியைப் படியுங்கள்."

"நாணல்மடத்து மடாதிபதியாகிய நாம்..."

"இளவரசர் ரூடிகர் நாணல்மடத்து மடாதிபதியா?"

மரநாய் கோமகனைப் பார்த்தது. கோமகன் மகனைப் பார்த்தான். மகன் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டான்.

"இல்லை," என்றது மரநாய்.

"அப்போது அந்த நாம் அவர் இல்லை. எங்கள் நாற்காலியில் உட்காருகிறவர் யாரோ, அவர் யாரை எல்லாம் சேர்த்துக்கொண்டு நாம் என்கிறாரோ, அவர்கள்தான் அந்த நாம். அவர்கள் எல்லோரும் இசையாமல் மதகு திறக்கப்படாது. நாணல் வெட்டப்படாது. ஓநாய் வந்தால் கோமகன் துணைக்கு வரவேண்டும். இதற்கெல்லாம் கோமகனே முத்திரை வைத்திருக்கிறார். பேரரசர் கையில் பிரதியும் இருக்கிறது. அதை அனுப்பிய புண்ணியவான் நீங்கள்தான்."

மரநாயின் மீசை தொங்கிவிட்டது.

"இன்னொரு வரியும் இருக்கிறது," என்றாள் குனிகுண்டா. "எந்தப் படையும் கரையில் கால் வைக்காது."

கோமகன் பால்ட்வின் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான். அது மிதிபட்ட நாணலின் மேல் இருந்தது. அவன் காடு பெரியது, படை பெரியது, கோபமும் பெரியது. ஆனால் அவனும் பேரரசர் சபையில் போய் உட்காரவேண்டியவன். தன் முத்திரையைத் தானே மீறியவன் என்று அங்கே பெயர் விழுந்தால், நாளைக்கு அவனுடைய எல்லையை யார் மதிப்பார்கள்? அவன் காலைத் தூக்கி ஒரு அடி பின்னால் வைத்தான். அவனுக்குப் பின்னால் இருநூறு கரடிகளும் ஒரு அடி பின்னால் வைத்தன. பிறகு இன்னொரு அடி.

அதை இரண்டு வாத்துப் படை நின்று பார்த்தது. அந்தப் பெருமையைச் சொல்லி முடியாது.

அன்று மாலைப் பூசைக்கு முன் சபை மறுபடியும் கூடியது. நாற்காலியில் குனிகுண்டாதான் உட்காரவேண்டும் என்றார்கள். அவள் மறுத்துவிட்டாள். "இருநூறு கரடி வெளியே நிற்கும்போது, ஒரு கரடியின் மூக்குக்குக் கீழே நின்று இரண்டு தடவை அதே கேள்வியைக் கேட்டவள் இருக்கிறாள். நான் வெள்ளைக் கல்லை அவளுக்குப் போடுகிறேன்."

ஏழும் வெள்ளையாக விழுந்தது. மரத்தவளை ஊட்டா மடாதிபதி ஆனாள். உறுதிமொழியை அவள் பாட்டாகவே பாடினாள். மேற்கே ஓநாய்கள்வரை கேட்டிருக்கும்.

அப்புறம் எல்லோரும் திகைத்து நின்றார்கள். நாட்டிலேயே சின்ன உருவம் இப்போது நாற்காலியில் இருக்கிறது. கேள்வியை யார் கேட்பது?

கூட்டத்தின் பின்னாலிருந்து லாம்பெர்ட் வந்தது. நாட்டிலேயே பெரிய உருவம். அன்றைக்கு அதைவிடக் கூனிக்குறுகி நின்றவர் யாரும் இல்லை. அது படியில் முழங்கால் மடக்கி, தரையைப் பார்த்தபடி கேட்டது.

"நாம் என்றீர்களே அம்மா, அதில் நானும் உண்டா?"

ஊட்டா அதையே பார்த்தாள்.

"உண்டு," என்றாள். "அந்தத் தேன்பானையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்."

குழந்தைகளே, பெரியவர்களே, நம்மிடம் வந்து ஒருவர் "நாம்" என்று சொன்னால், அதில் எத்தனை பேரை அவர் எண்ணியிருக்கிறார் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவருக்குத் தலையாட்ட வேண்டும்.